எனக்காக வெள்ளையடித்த பரண்

போன மாதம் மகள் கொழும்பிலிருந்து வந்திருந்தபோது பரணைப் பற்றிப் பேச்செடுத்தாள். பேக்கரி வீட்டின் மேல் பரண் சும்மாதானே கிடக்கிறது, சுத்தம் பண்ணிப் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து ஒரு கட்டிலைப் போட்டால் மலை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்றாள். கைப்பேசியில் படங்களைக் காட்டினாள். எல்லாம் பளபளப்பான பலகை, மஞ்சள் விளக்கு, ஜன்னலோரம் ஒரு செடி. தாராளமாகச் செய் என்றேன். நீங்களும் மேலே வந்து எந்தச் சாமான் வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று கூப்பிட்டாள். முழங்கால் வலி, படியேற முடியாது என்று சொல்லிவிட்டேன். முழங்கால் வலி உண்மைதான். ஏறாததற்குக் காரணம் அதுவல்ல.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லலாம். நீங்களும் என் வயதுக்காரர்கள். பிரஜாவுரிமை இல்லையென்று நம் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பிய வருஷங்களைப் பார்த்தவர்கள். ரயிலை நாம் கோச்சி என்று சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கொட்டகலை ஸ்டேஷனில் அந்தக் கோச்சி நகரத் தொடங்கும்போது எழுந்த சத்தத்தை அவர்கள் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருப்பீர்கள். உங்களில் சிலர் ஜன்னலுக்கு உள்ளே இருந்திருப்பீர்கள், சிலர் பிளாட்பாரத்தில் நின்றிருப்பீர்கள். நான் இரண்டிலும் இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. டவுனுக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவில் ஒரு தோட்டத்து லயத்து வரிசையில் எங்கள் வீடு. வீடு என்றால் காம்பரா என்று ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு திண்ணை, புகை போக வழியில்லாத ஒரு அடுப்படி. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களுக்கு எண்ணெய் போடுகிற வேலை பார்த்தார். அம்மா கொழுந்து பறித்தாள். அக்கா எனக்கு மூத்தவள், பாவாடை தாவணி போடத் தொடங்கியிருந்தாள். தம்பி கடைக்குட்டி, இன்னும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவன். நடுவில் நான்.

அத்தை அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. டவுனில் பேக்கரி வைத்திருந்த மாமாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இருந்தது. அதனால் அவர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். அத்தை வருகிறாள் என்றால் அம்மா எங்களை முகம் கழுவி நிற்கச் சொல்லுவாள், அவ்வளவுதான்.

பேக்கரி வீடு ரொம்பப் பழசு. துரைமார் குதிரையில் போய்வந்த காலத்தில் அது குதிரை கட்டும் இடமாக இருந்ததாம். கீழே முன்பக்கம் கடை, நடுவில் பாண் ரொட்டி சுடுகிற போறணை அடுப்பு, பின்பக்கம் இரண்டு அறைகள். இவை எல்லாவற்றுக்கும் மேலே, தகரக் கூரைக்கு அடியில், வீட்டின் முழு நீளத்துக்கும் பரண். அந்தக் காலத்தில் குதிரைக்குப் புல் போட்டு வைத்த இடம். போறணையின் புகைபோக்கி அதன் நடுவாக மேலே போகும். செங்கல் சூடு ஆறவே ஆறாது.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். பெரியவர்கள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். நாங்கள் கடையில் உட்கார்ந்து பணிஸ் தின்றோம். வெளியே வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. போறணைப் புகை என்று நினைத்தேன். அப்பா என்னைக் கூப்பிட்டு, மேலே கையைக் காட்டினார்.

"இந்தப் பரண சுத்தம் பண்ணி நல்லா ஆக்கிட்டோம்னா அது ஒனக்குத்தான். டவுன் பள்ளிக்கூடத்துல சேத்து விடுறோம். இங்கயே இருந்து படி."

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. அதற்குப் பிறகு பெண் பிள்ளைகள் கொழுந்துக் கூடையைத்தான் எடுக்க வேண்டும். அக்கா அப்படித்தான் நின்றிருந்தாள். அதனால் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை இங்கே, சனி ஞாயிறு லயத்தில் என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டேன். அப்படி யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே வேலையை ஆரம்பித்தோம். அப்பா ஏணி வைத்து ஏறி, பரண் வாயை மூடியிருந்த பலகையைத் தலையால் முட்டித் திறந்தார். பல வருஷத்துத் தூசி அவர் தோளில் கொட்டியது. வௌவால் எச்சமும் பழைய மாவும் எலிப் புழுக்கையும் கலந்த ஒரு வாடை கீழே இறங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் பின்னாலேயே ஏறினேன். கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாக வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. கண் பழகியதும் சாமான்கள் தெரிந்தன. நசுங்கிய பாண் தகரங்கள், மாச்சாக்குக் கட்டுகள், சிமினி இல்லாத அரிக்கன் லாம்புகள், கால் உடைந்த ஒரு மர நாற்காலி, சேணத்தின் தோல் துண்டு ஒன்று. பலகை இடுக்கெல்லாம் துருப்பிடித்த லாட ஆணிகள். அவற்றைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். அந்த டின் எப்போது காணாமல் போனது என்று தெரியவில்லை.

ஒரு மூலையில் சாக்கு போர்த்தி ஏதோ இருந்தது. எடுத்துப் பார்த்தால் மூன்று சக்கரச் சைக்கிள். சிவப்பு நிறம். கைப்பிடியில் கடைக் காகிதம் சுற்றியபடியே இருந்தது. யாரும் ஏறி ஓட்டாத சைக்கிள், ஆனால் சங்கிலியில் எண்ணெய்ப் பிசுக்கு புதிதாக இருந்தது. வருஷா வருஷம் யாரோ ஏறி வந்து துடைத்து வைத்திருக்கிறார்கள். அது மாமாவாகத்தான் இருக்கும். அவர் அதிகம் பேச மாட்டார். விடியற்காலையில் மாவோடு மல்லுக்கட்டி, பகலில் தூங்கி, மாலையில் கடையில் உட்காருகிற மனிதர்.

சைக்கிளைக் கீழே இறக்கியதும் தம்பி ஏறி உட்கார்ந்துகொண்டான். கடைக்கும் போறணைக்கும் நடுவில் போய்ப் போய் வந்தான். அத்தை வாசற்படியில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சிய பாலைக் கையில் எடுத்து வந்தவள், அது ஆடை கட்டும் வரை நின்றாள். எனக்கும் ஒரு தடவை ஏற ஆசையாக இருந்தது. எனக்கு முழங்கால் இடிக்கும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

குளவி கொட்டியதும் அந்தப் பரணில்தான். புகைபோக்கிக்குப் பின்னால் தேங்காய் அளவுக்கு ஒரு கூடு இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான் துடைப்பத்தால் ஒட்டடை அடிக்கப் போய் அதைத் தட்டிவிட்டேன். தேயிலை மலையில் குளவி கொட்டிச் செத்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்பா என்ன செய்தார் தெரியுமா? தன் கம்பளியைக் கழற்றி என் மேல் போட்டு, என்னைத் தரையோடு அமுக்கி, மேலே தான் படுத்துக்கொண்டார். அவருக்குக் கழுத்திலும் காதிலும் கொட்டியது. எனக்கு ஒரு கையில் மட்டும்தான். பிறகு மாமா ஈரச் சாக்கைக் கொளுத்திப் புகை போட்டு எங்களை இறக்கினார். அத்தை சுண்ணாம்பு தடவிவிட்டாள். அன்று இரவு, வீங்கிக் கறுத்த முகத்தோடு அப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டார். பத்து வயதுப் பெண்ணை யாரும் மடியில் வைப்பதில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. இறங்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. அது அன்பு என்று அன்று நினைத்தேன். அன்பாகவும் இருந்திருக்கலாம். எனக்காகக் குளவிக்கு முதுகைக் கொடுத்த அதே மனிதர்தான் அந்த மற்றக் காரியத்தையும் செய்தார். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் நான் தினமும் இறங்கி வந்தேன். பலகைகளைச் சோடா போட்டுத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க கறுப்புக்கு அடியிலிருந்து மரத்தின் சிவப்பு வந்தது. அத்தை கீழேயிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தந்தாள். விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. சுவர்ப் பலகையின் இடுக்கில் காற்று வராமலிருக்க, மாமா மிச்ச மாவில் பசை காய்ச்சிக் கொடுத்தார். பழைய பேப்பர்களை ஒட்டினோம். படங்கள் உள்ள பக்கமாகப் பார்த்துப் பார்த்து ஒட்டினேன். படுத்தால் தெரிகிற இடத்தில் ஒரு கடலின் படம் வந்தது. நான் கடலைப் பார்த்ததில்லை.

அப்பா ஞாயிறு தவறாமல் வந்தார். பழைய ஜன்னல் சட்டத்தைச் செதுக்கிக் கண்ணாடி போட்டார். கூரையின் ஒவ்வொரு ஆணி ஓட்டையையும் தார் வைத்து அடைத்தார். மழை பெய்யும்போது ஏறி வந்து, எங்காவது சொட்டுகிறதா என்று கையை நீட்டி நீட்டிப் பார்த்தார். அந்த மாதங்களில் எங்கள் லயத்துக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சட்டி, தம்பி படுக்கிற இடத்தில் ஒரு வாளி. நம்ம கூரைக்கும் தார் வையுங்கப்பா என்று நானே ஒரு தடவை சொன்னேன். அதுக்கென்ன இப்ப அவசரம் என்றார். விட்டுவிட்டுப் போகிற வீட்டுக்கு யாரும் தார் வைப்பதில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஏணி வேண்டாம், பொம்பளைப் பிள்ளை ஏறி இறங்கப் படி வேண்டும் என்று அத்தை ஆசாரியை வரவழைத்தாள். அவர் படி செய்தார். பரண் வாய்க்குப் புதிதாக ஒரு மூடிப் பலகையும், மேலே இருந்து போட்டுக்கொள்ள ஒரு தாழ்ப்பாளும் வைத்தார். தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டே, தனியாகப் படுக்கப் பயமில்லையா என்று கேட்டார். அஞ்சு நாளைக்குத்தானே என்றேன். ஆசாரி திருகுவதை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை அடுக்களைப் பக்கம் போய்விட்டாள். அவருக்கும் தெரிந்திருக்கிறது. டவுனில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்ததோ.

அந்த நாட்களில் எங்கள் தோட்டத்திலிருந்து வாரத்துக்கு ஒரு குடும்பமாவது கிளம்பிக்கொண்டிருந்தது. என்னோடு படித்த ஒருத்தி திடீரென்று ஒரு திங்கட்கிழமை வரவில்லை. நான் பயந்துபோய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அப்போது தன் பச்சைச் சேலையை வெட்டிப் பரண் ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தாள். நம்மையும் கூப்பிடுவார்களா, போக வேண்டி வருமா என்றேன். அம்மா ஊசியில் நூல் கோர்த்தபடி நிமிராமலே சொன்னாள்.

"இன்னும் ஒண்ணும் வரல. போனா நாம எல்லாருந்தானே போவோம்."

நான் நம்பினேன். அம்மா சொன்னால் நம்பாமல் வேறு யார் சொன்னால் நம்புவது?

அக்காதான் அப்போது வேறு மாதிரி ஆகிவிட்டாள். எப்போதும் என்னோடு சண்டை போடுகிறவள், தன் சாட்டின் ரிப்பனை எடுத்து என் தலையில் கட்டிவிட்டாள். தன் கண்ணாடி வளையலைக் கழற்றித் தந்தாள். அது என் கையில் நிற்கவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. வளர்ந்ததும் போட்டுக்கோ என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். ஏதோ கோபம் என்று நினைத்தேன்.

டிசம்பர் கடைசியில் வெள்ளையடித்தோம். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து, சாய்ந்த கூரை மரங்களுக்கும் சேர்த்து அடித்தோம். அன்று அம்மா, அப்பா, அக்கா, தம்பி எல்லோரும் மேலே இருந்தார்கள். தம்பியின் மூக்கு நுனியில் சுண்ணாம்பு. அக்கா கழுத்தை வளைத்து வளைத்துக் கூரைக்கு அடித்தாள். புகைபோக்கிச் சூட்டில் சுவர் உடனுக்குடன் காய்ந்து வெளுத்தது. கீழேயிருந்து பாண் வேகும் வாசனை. என் வாழ்க்கையில் எங்கள் குடும்பம் அஞ்சு பேரும் சேர்ந்து ஒரு இடத்தை அழகாக்கியது அன்று மட்டும்தான். வேலை முடிந்து எல்லோரும் தரையில் உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரியாதவர்கள் நானும் தம்பியும் மட்டும்தான். தம்பிக்குத் தெரிந்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கியது. டவுன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகை இடாப்பு கூப்பிட்டபோது என் பெயருக்கு முன்னால் வேறு ஓர் எழுத்து வந்தது. அது அப்பாவின் எழுத்து இல்லை, மாமாவினுடையது. நான் எழுந்து, பிழை என்று சொன்னேன். அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள், உட்கார் என்றார் டீச்சர். அத்தையிடம் கேட்டேன். டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்றாள். அதையும் நம்பினேன்.

முதல் வெள்ளிக்கிழமை துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு அப்பாவுக்காகக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. தேயிலை ஸ்டோரில் வேலை கூடிப்போச்சாம் என்றாள் அத்தை. மறுநாள் காலை, தைக்கக் கொடுத்த இரண்டாவது பள்ளிக்கூட உடுப்பை வாங்கி வரச் சொல்லிப் பக்கத்துத் தையல் கடைக்கு அனுப்பினாள். தையல்காரர் மேசையில் ஒரே துணியில் தைத்த உருப்படிகள் மடித்து வைத்திருந்தன. நீலக் கட்டம் போட்ட துணி. அக்காவின் பாவாடை, தம்பியின் காற்சட்டை, அப்பாவின் சட்டை. அக்கா பாவாடையின் இடுப்பளவு எனக்குத் தெரியும். பொங்கலுக்கு எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, என்னுடையது எங்கே என்று கேட்டேன். அவர் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்.

"ஒனக்குத்தான் பள்ளிக்கூட உடுப்பு தைச்சாச்சே. இது கப்பலுக்கு."

அத்தையிடம் சொல்லிக்கொள்ளாமல் நடந்தேன். மலைப்பாதையில் பனி மூடியிருந்தது. பிள்ளைமடுவத்தைத் தாண்டும்போது அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பாட்டியம்மா என்னைக் கண்டு, யாரையோ கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல் விட்டாள். லயத்துக்குப் போனேன். அம்மிக்கல் இருந்த இடத்தில் அதன் தடம் மட்டும் இருந்தது. சாமி படங்கள் கழற்றியிருந்தன. புகையேறிய சுவரில் அவை இருந்த இடங்கள் சதுரம் சதுரமாக வெளுத்துக் கிடந்தன. நடுவில் புதிதாக ஒரு தகரப் பெட்டி. அம்மா சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டுச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நாம எங்க போறோம்?" என்று கேட்டேன்.

அம்மா முடிச்சை இறுக்கினாள். பதில் எனக்குப் பின்னால் இஸ்தோப்பில் நின்ற அப்பாவிடமிருந்து வந்தது.

"நாங்க மொதல்ல போறோம். போய் ஒரு எடத்தப் பாத்துட்டு ஒன்னைய வந்து கூட்டிக்கிறோம்."

தமிழில் நாம என்று ஒன்று இருக்கிறது, நாங்க என்று ஒன்று இருக்கிறது. நாம பேசுகிற பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் போடுகிறோம். அன்று அப்பா மாற்றிப் போடவில்லை.

அக்கா மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பி தகரப் பெட்டியின் பூட்டைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தான். நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்க நினைத்தேன். ஏன் நான் என்று மட்டும்தான் வந்தது. அம்மா எழுந்து என் அருகில் வந்தாள். கையைப் பிடிக்கவில்லை.

"அவ தாங்கமாட்டா. அவன் சின்னப் பய. நீ அழமாட்ட. அத்தைக்கும் ஆரு இருக்கா?"

உண்மைதான். நான் அழுகிற பிள்ளை இல்லை. குளவி கொட்டியபோதுகூட அழவில்லை. அடுத்தவர் முன்னால் அழ எனக்கு வராது, அவ்வளவுதான். அதை அவள் தைரியம் என்று எடுத்துக்கொண்டாள். பெற்றவளே அப்படித் தப்பாகக் கணக்குப் போட்டாள். அன்றும் நான் அழவில்லை. அதனால் தன் கணக்கு சரிதான் என்று அவள் நினைத்திருப்பாள்.

பொங்கல் கழிந்து நாலைந்து நாளில் அவர்கள் கிளம்பினார்கள். பிற்பகல் கோச்சி. அதற்கு முன்பே பேக்கரிக்கு வந்துவிட்டார்கள். கடைக்குள் அக்காவின் குரல் கேட்டதும் நான் மேலே ஏறி, மூடிப் பலகையைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போடவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். முதலில் அப்பா கீழே நின்று கூப்பிட்டார். பிறகு அக்கா. பிறகு தம்பி, சைக்கிளைக் கொண்டுபோகலாமா என்று என்னிடம் கேட்டான். கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்று யாரோ அவனுக்குச் சொன்னார்கள். கடைசியில் ஒருவர் படியேறி வருகிற சத்தம். படிகள் புதுசு, இன்னும் கிறீச்சிடும். மெதுவாக ஏறுவதிலிருந்தே அம்மா என்று தெரிந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்கு அடியில் பலகை ஒரு விரல் அளவுக்கு மேலே எழும்பியது. கொழுந்துக் கூடை சுமக்கிற கை அது, தள்ளினால் என்னையும் சேர்த்துத் தூக்கியிருக்கலாம். தள்ளவில்லை. பலகை மெதுவாக இறங்கி உட்கார்ந்தது. வெகுநேரம் அவள் அங்கேயே படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்த ஒரு பலகைதான். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"கொடியில ஒன் பாவாட காயுது. மழைக்கு முன்னால எடுத்துரு" என்றாள்.

அதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கோச்சி கூவியபோது ஸ்டேஷன் பக்கமிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அதில் எங்கள் ஆட்களின் குரலைப் பிரித்தெடுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. எல்லாக் குரலும் ஒன்றாகவே இருந்தது. திறந்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அந்த வருத்தம் இன்றுவரை வந்ததில்லை. அவர்கள் எனக்காக விட்டுவைத்தது அந்த ஒரு பலகையைத்தான். அதை நான் மூடி வைத்துக்கொண்டேன்.

அத்தை என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. அதையும் சொல்ல வேண்டும். நல்ல சாப்பாடு, நல்ல உடுப்பு. மாமா தினமும் போறணையிலிருந்து எடுக்கும் முதல் பாணின் மொறுமொறுப்பான பக்கத்தைப் பிய்த்து என் தட்டில் வைப்பார். நான் படித்தேன், டீச்சரானேன், இங்கேயே கல்யாணம் நடந்தது. பேக்கரியை என் வீட்டுக்காரர் எடுத்து நடத்தினார். அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலேயே வேலை தேடிக்கொண்டதாகத் தெரியவந்தது. கூட்டிப்போக யாரும் வரவில்லை. முதலில் வசதியில்லை என்றார்கள், பிறகு நாட்டு நிலவரம் சரியில்லை என்றார்கள், பிறகு அப்பாவே இல்லை. பரணில் நான் கல்யாணம் வரை படுத்தேன். வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறபோது அத்தை கேட்பாள், பரணுக்கும் அடிக்கட்டுமா என்று. வேண்டாம் என்பேன்.

நாற்பது வயதை நெருங்கும்போதுதான் முதல் தடவை கோத்தகிரிக்குப் போனேன். தம்பி ஆட்டோ வைத்திருந்தான், பஸ் நிலையத்துக்கு மாலையோடு வந்தான். அக்கா நரைத்துப் போயிருந்தாள். அம்மா ஒரு கட்டிலில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். என் முகத்தைத் தடவி, மெலிஞ்சுட்டியே என்றாள். பத்து வயதுப் பிள்ளையோடு ஒப்பிட்டுச் சொன்னாளோ என்னவோ.

மூன்றாம் நாள், வாசல் குழாயடியில் அக்காவோடு துணி அலசிக்கொண்டிருந்தேன். நான் கேட்காமலே அக்கா பேசினாள். இத்தனை வருஷம் அவள் அதை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அத்தை ஒன்னையக் கேக்கலடி. தம்பியத்தான் கேட்டாங்க. அப்பா சரின்னுட்டாரு. அம்மாதான், ஆம்பளப் புள்ளையக் குடுக்க மாட்டேன், நடுப்புள்ளைய எடுத்துக்கங்கன்னுச்சு."

நான் துணியைப் பிழிந்து உதறினேன். அம்மாவின் கட்டில் ஜன்னலோரம்தான் இருந்தது. அவளுக்குக் கேட்டிருக்கும். துணியைக் காயப்போட்டுவிட்டு உள்ளே போனேன். கண்ணைத் திறந்துதான் இருந்தாள்.

"ஒனக்கு அங்க கொற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். தம்பி அன்று மாலை எனக்காகக் கோழி வாங்கி வந்தான். தன் பிள்ளைகளை என் காலில் விழச் சொன்னான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. இன்றுவரை தெரியாது. யாருக்குப் பதிலாக அத்தை வீட்டில் இருந்தேனோ அவன் ஊற்றிய குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

நான் அங்கே போவதற்குப் பல வருஷம் முன்பே மாமா காலமாகியிருந்தார். அத்தைக்கு நடை நின்றுபோயிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நான்தான் அவளைப் பின்னறையில் ஸ்டூலில் உட்கார வைத்து வெந்நீர் ஊற்றுவேன். ஊருக்குப் போய்வந்த அந்த வெள்ளிக்கிழமை, அவள் முதுகுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வரவில்லை.

"தம்பியத்தானே கேட்டீங்க அத்தை?"

அவள் முதுகு அசையவில்லை. முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு மெலிந்த முதுகு. முழங்காலில் வைத்திருந்த கையை எடுத்து முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள்.

"ஆமா" என்றாள். "ஒன்னைய அனுப்புறேன்னாங்க. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

நான் சோப்பைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். ஆனா நீ வந்த பெறகு என்று தொடங்குகிற ஏதாவது ஒன்று. முப்பது வருஷத்துக்குப் பக்கமாக ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். நான் எதற்காக நிற்கிறேன் என்றும் தெரிந்திருக்கும். போறணையில் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது.

"தண்ணி ஆறுது, ஊத்து" என்றாள் அத்தை.

ஊற்றினேன்.